டிரைவர் இல்லாமல் இறங்கிய விக்ரம்!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? வளைவுக்கு வளைவு டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புவார். ஒவ்வொரு வளைவிலும் அவர் கள்ளக்குறிச்சி டெப்போவுக்கு போன் போட்டு, "இப்போ எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று கேட்டால் என்னாகும்? பதில் வருவதற்குள் பஸ் பள்ளத்தில் கிடக்கும்!

நிலவில் இறங்கும் லேண்டருக்கும் இதே சிக்கல்தான். நிலவு சுமார் 3,84,000 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. ரேடியோ சிக்னல் போய்த் திரும்ப இரண்டரை விநாடி ஆகும். இறங்கத் தொடங்கும்போது லேண்டரின் வேகமோ விநாடிக்கு 1.68 கி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள்... கேள்விக்குப் பதில் வருவதற்குள் 4 கி.மீ. தாண்டியிருக்கும்! அதனால் லேண்டரே பார்த்து, யோசித்து, முடிவெடுக்க வேண்டும். அதற்காகத்தான் அதனுள் சாஃப்ட்வேர்.

2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2 லேண்டர் இறங்கியபோது, என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளின. சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. சட்டென்று திரும்பித் தன்னைச் சரிசெய்துகொள்ள சாஃப்ட்வேரில் அனுமதி இல்லை. இறங்க வேண்டிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். அதைப் பிடித்தே தீர வேண்டும் என்று, தரை நெருங்கிய பிறகும் வேகத்தைக் கூட்டியது. மோதி நொறுங்கியது. பாவம், சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை!

அடுத்து சந்திரயான்-3. இதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். (2019 வரை கள்ளக்குறிச்சியும் விழுப்புரம் மாவட்டத்தில்தானே இருந்தது!) இந்த முறை, 'எதெது கெட்டுப்போகலாம்?' என்று முதலிலேயே பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்று வழியை சாஃப்ட்வேருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வேகத்தை அளக்கப் புதிதாக லேசர் கருவி வைத்தார்கள். இறங்கும் இடத்தையும் 4 கி.மீ. நீளம், 2.4 கி.மீ. அகலம் என்று தாராளமாக்கினார்கள்.

2023 ஆகஸ்ட் 23, மாலை 5.44 மணி. சுமார் 30 கி.மீ. உயரத்தில் விக்ரம் இறங்கத் தொடங்கியது. பெங்களூரில் விஞ்ஞானிகள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டியரிங் அவர்கள் கையில் இல்லை. தரைக்கு 150 மீட்டர் மேலே விக்ரம் அந்தரத்தில் நின்றது. கேமராவால் கீழே பாறை, பள்ளம் இருக்கிறதா என்று பார்த்தது. நல்ல இடமாகத் தேர்ந்தெடுத்து, 6.04 மணிக்கு மெதுவாகக் காலூன்றியது!

அதன் வயிற்றிலிருந்து இறங்கிய பிரக்யான் வண்டிக்கு எதிரே, ஆகஸ்ட் 27 அன்று, 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று வந்தது. இடைவெளி 3 மீட்டர்தான். இப்போது மட்டும், "வந்த வழியே திரும்பு" என்று பூமியிலிருந்தே உத்தரவு போனது. விநாடிக்கு ஒரு செ.மீ. நகரும் வண்டி அது. கேட்டு நடக்க அதற்கு நேரம் இருந்தது.