ஏற்பி இருந்தால் மருந்தாகிவிடுமா?

ஒன்பதாம் வகுப்பில் வைட்டமின் அட்டவணையை நடத்தி முடித்த நாள் அது. வைட்டமினின் பெயர், கிடைக்கும் உணவு, குறைந்தால் வரும் நோய் என்று கரும்பலகையில் மூன்று நிரல்கள். "அதிகமாச் சாப்பிட்டா என்ன ஆகும் டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். மணி அடித்துவிட்டது. "வைட்டமின்தானே, உடம்புக்கு நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை, இறைவணக்கக் கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவி வந்து நின்றாள்.

"டீச்சர், எங்க செவலைக்கு மடியில கட்டி வந்திருக்கு. வைட்டமின் டி குடுத்தா கரைஞ்சிடும்னு அண்ணன் போன்ல படிச்சான். நீங்களும் நேத்து நல்லதுதான்னு சொன்னீங்க. ஆயா சாப்பிடுற மாத்திரை வீட்ல இருக்கு. தினம் ஒண்ணு குடுக்கட்டா?"

செவலை அவர்கள் வீட்டு நாய். எட்டு வயது, பன்னிரண்டு கிலோ இருக்கும் என்றாள். ஆயாவின் மாத்திரை, எலும்பு வலிக்காக வாரம் ஒன்று என மருத்துவர் எழுதிக் கொடுத்த 60,000 அலகு மாத்திரை. "கொடுக்காதே, முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டு" என்று மட்டும் சொன்னேன். ஏன் கொடுக்கக் கூடாது என்று கேட்டாள். அப்போது என்னிடம் தெளிவான பதில் இல்லை. பிறகு தேடிப் படித்ததையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிந்ததையும் இங்கே பகிர்கிறேன். இதே கேள்வி உங்கள் வகுப்பிலும் வேறு வடிவத்தில் வரலாம்.

அண்ணன் படித்தது பொய்யா?

முழுப் பொய் இல்லை. அதனால்தான் அது ஆபத்தானது.

வைட்டமின் டி-யை நாம் எலும்போடு மட்டும் சேர்த்துச் சொல்லித் தருகிறோம். உண்மையில் அது உடலுக்குள் சென்றபின் ஒரு ஹார்மோனாக மாறுகிறது. முதலில் கல்லீரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்று 'கால்சிட்ரியால்' ஆகிறது. கால்சிட்ரியால் தானாக எந்த வேலையும் செய்வதில்லை. செல்லுக்குள் அதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. அதுதான் வைட்டமின் டி ஏற்பி. கால்சிட்ரியால் வந்து பொருந்தியதும், இந்த ஏற்பி தன் கூட்டாளியான இன்னொரு ஏற்பியோடு இணைகிறது. அந்தக் கூட்டாளி, வைட்டமின் ஏ-யின் வழிப்பொருள்களை ஏற்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து உட்கருவில் டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து சில மரபணுக்களை இயக்குகின்றன, சிலவற்றை அடக்குகின்றன.

1969-இல் கோழியின் குடலில் இந்த ஏற்பி கண்டறியப்பட்டது. உணவிலிருந்து கால்சியத்தை உறிஞ்சும் இடம் குடல் என்பதால் யாரும் வியக்கவில்லை. வியப்பு 1981-இல் வந்தது. மனிதத் தோல் புற்றுநோய் செல்களில் இந்த ஏற்பி இருப்பதும், ஆய்வகத் தட்டில் கால்சிட்ரியால் சேர்த்தால் அவை பெருகும் வேகம் குறைவதும் தெரியவந்தன. அதே ஆண்டில், எலியின் இரத்தப் புற்றுநோய் செல்கள் கால்சிட்ரியாலால் முதிர்ந்த செல்களைப் போல மாறுவதையும் கண்டார்கள். செல் பிரிவதற்குத் தடை போடும் புரதங்களை இந்த ஏற்பி தூண்டிவிடுகிறது என்பது பின்னர் விளங்கியது.

நாயின் பால்சுரப்பியிலும் அங்கே வரும் கட்டிகளிலும்கூட இந்த ஏற்பி காணப்படுகிறது. அண்ணன் கைப்பேசியில் படித்த செய்தியின் வேர் இதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கட்டி இல்லாத பால்சுரப்பியிலும் இந்த ஏற்பி உண்டு. பாலுக்குக் கால்சியத்தைக் கொண்டு சேர்க்கும் உறுப்பில் அது இருப்பது இயல்பே. ஆகவே ஏற்பி இருக்கிறது என்பது கட்டிக்கான மருந்து கிடைத்துவிட்டது என்பதற்கு அடையாளமாகாது.

பூட்டு இருக்கிறது, கதவு திறக்குமா?

வகுப்பில் ஏற்பியைப் பூட்டு என்றும் வைட்டமினைச் சாவி என்றும் சொல்வது வழக்கம். இந்த உவமையை இன்னும் கொஞ்சம் நீட்டினால் சிக்கல் புரியும். பூட்டு துருப்பிடித்திருக்கலாம், சாவி நுழைந்தும் திறக்காது. பூட்டு நன்றாக இருந்தும், சாவி போய்ச் சேருமுன் யாராவது அதை உடைத்துவிடலாம். கால்சிட்ரியாலைச் சிதைக்கும் நொதியைச் சில புற்றுநோய் செல்கள் மிகுதியாக உண்டாக்குகின்றன. மேலும், ஒரே சாவி வீட்டில் எல்லா அறைகளையும் திறக்கக்கூடியது. தட்டில் இருப்பவை கட்டி செல்கள் மட்டும். உடலிலோ குடல், எலும்பு, சிறுநீரகம் எல்லாவற்றிலும் அதே ஏற்பி இருக்கிறது. கட்டியைத் தடுக்கும் அளவுக்குக் கால்சிட்ரியால் கொடுக்கப் போனால், அதற்கு முன்பே இரத்தத்தில் கால்சியம் ஏறிவிடுகிறது. கால்சிட்ரியாலைப் புற்றுநோய் மருந்தாக்க முயன்றவர்கள் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்ட சுவர் இது.

மனிதர்களிடம் செய்த பெரிய சோதனை ஒன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குத் தினமும் 2,000 அலகு வைட்டமின் டி, மற்றவர்களுக்கு அதே போலத் தோன்றும் வெற்று மாத்திரை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தும், புற்றுநோய் வந்தவர்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அப்படியானால் ஏற்பி ஆராய்ச்சியே வீணா? இல்லை. வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலத்தை ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்து, 24 நோயாளிகளிடம் கண்ட நல்ல பலனை ஷாங்காய் மருத்துவர்கள் 1988-இல் வெளியிட்டார்கள். இன்று அது அந்நோய்க்கான முறையான சிகிச்சையின் பகுதி. அங்கே அது பலித்ததற்குக் காரணம் உண்டு. அந்நோயில் கெட்டுப்போயிருப்பதே ரெட்டினாயிக் அமிலத்தின் ஏற்பிதான். பழுது எங்கே என்று தெரிந்து, அந்த இடத்துக்கே மருந்து போனது. நாயின் பால்சுரப்பிக் கட்டியில் வைட்டமின் டி ஏற்பி இருக்கிறது என்பது வரையில்தான் நாம் வந்திருக்கிறோம். அதுவே பழுதடைந்த இடம் என்று யாரும் நிறுவவில்லை.

நாயும் வைட்டமின் டி-யும்

இந்த வைட்டமினின் வரலாற்றில் நாய்க்கு ஓர் இடம் உண்டு. எட்வர்ட் மெலன்பி என்ற ஆங்கிலேய மருத்துவர், நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வைத்து, பெரும்பாலும் ஓட்ஸ் போன்ற உணவு கொடுத்து வளர்த்தார். அவற்றுக்கு ரிக்கெட்ஸ் வந்தது. மீன் எண்ணெய் கொடுத்ததும் குணமானது. இது 1919 வாக்கில். அந்த எண்ணெயில் வைட்டமின் ஏ அல்லாத வேறொன்று இருக்கிறது என்று மெக்கல்லம் குழுவினர் 1922-இல் காட்டினார்கள். அதற்குத்தான் டி என்று பெயர் வந்தது. இது குறைபாட்டின் கதை. இல்லாததைக் கொடுத்தார்கள், நோய் போயிற்று. நம் அட்டவணை சொல்வதும் இதைத்தான். என் மாணவி செய்த பிழை, குறைபாட்டுக்குப் பொருந்தும் விதியைக் கட்டிக்கும் பொருத்தியது. அந்த ஒரு விதியைத்தான் நான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

நாய்கள் நம்மைப் போல வெயிலில் நின்று போதிய வைட்டமின் டி-யைத் தோலில் தயாரிப்பதில்லை, உணவிலிருந்தே பெறுகின்றன. அதற்காக மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுக்கலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 அலகு என்பது 1 மைக்ரோகிராம். 60,000 அலகு என்றால் 1,500 மைக்ரோகிராம். பன்னிரண்டு கிலோ செவலைக்கு, கிலோவுக்கு 125 மைக்ரோகிராம். கிலோவுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டினாலே நாயின் இரத்தத்தில் கால்சியம் உயரக்கூடும். வாந்தி, தீராத தாகம், பிறகு சிறுநீரகச் சிதைவு. ஒரே மாத்திரைக்கே இந்த நிலை. அவள் கேட்டது தினம் ஒன்று. சில எலி மருந்துகளில் நஞ்சாகச் சேர்க்கப்படுவதும் இதே வைட்டமின் டி-தான் என்று சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது.

செய்ய வேண்டியது என்ன?

அந்த வாரமே செவலையை அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். மருத்துவர் சொன்னவை எளியவை. கருத்தடை செய்யாத பெண் நாய்களில் மிகுதியாகக் காணப்படும் கட்டி இதுதான். ஏறத்தாழப் பாதி கெடுதல் இல்லாதவை, மீதி பரவக்கூடியவை. கையால் தொட்டுப் பார்த்து இன்ன வகை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அறுவை செய்து எடுத்து, திசுப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் தெரியும். மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல். முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்களுக்கு இந்நோய் மிக அரிது என்று 1969-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதையும் பிற ஆய்வுகளையும் 2012-இல் மறுபடி அலசியவர்கள், சான்று நாம் நினைத்த அளவுக்கு வலுவாக இல்லை என்றார்கள். அறிவியல் தன்னையே இப்படிச் சரிபார்த்துக்கொள்ளும் என்பதையும் மாணவர்களுக்குச் சொன்னேன்.

செவலையின் கட்டி இரண்டரை சென்டிமீட்டர். அறுவை செய்து எடுத்தார்கள். பரிசோதனையில் அது பரவக்கூடிய வகை என்றும், முழுவதும் நீக்கப்பட்டிருக்கிறது என்றும் வந்தது. மாத்திரையை நம்பி இரண்டு மாதம் காத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இப்போது மாதம் ஒருமுறை ஐந்து இணைப் பால்சுரப்பிகளையும் விரலால் தடவிப் பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதி வைக்கிறாள் மாணவி.

என் கரும்பலகையிலும் ஒரு மாற்றம். வைட்டமின் அட்டவணையில் நான்காவதாக ஒரு நிரல் சேர்த்திருக்கிறேன்: 'அளவு மிஞ்சினால்'. அதை நிரப்ப மாணவர்களையே தேடச் சொல்கிறேன். 'இந்த வைட்டமின் இந்த நோயைப் போக்கும்' என்று யாராவது ஒரு செய்தியைக் கொண்டுவந்தால், அது தட்டில் இருந்த செல்லில் பார்த்ததா, விலங்கில் பார்த்ததா, நோயாளிகளில் பார்த்ததா, எத்தனை பேரிடம், எவ்வளவு கொடுத்து என்று வகுப்பே சேர்ந்து கேட்கிறது. முதல் முறை இதற்கு ஒரு பாடவேளை முழுவதும் பிடித்தது. இப்போது பத்து நிமிடம் போதும்.

அன்று மணி அடித்ததால் பாதியில் விட்ட கேள்வியைக் கேட்ட மாணவனிடமும் திரும்பப் போனேன். "நேற்று சொன்னது தப்புப்பா, சரியான பதில் இதுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த நான்காவது நிரலை வரைந்தேன்.