தூக்கிப் போட்டுடாதீங்க: பழைய லேப்டாப்பில் ஒரு வீட்டு மியூசிக் சர்வர்

இன்னைக்கு எபிசோட் ஒரு கேசட்டில் இருந்து ஆரம்பிக்குது. ஏ சைடு முழுக்க, அப்பா ரெக்கார்டிங் கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிவு பண்ணின சினிமா பாட்டு. பி சைடில், அத்தை கல்யாணத்தில் பாட்டி பாடின நலங்குப் பாட்டு. ஏ சைடு எந்த ஆப்பிலும் கிடைக்கும். பி சைடு எங்கேயும் கிடைக்காது. பாட்டியும் இப்போ இல்லை.

ஏ சைடையும் முழுசா நம்ப முடியாது. ப்ளேலிஸ்ட்டில் ஒரு பாட்டு திடீர்னு மங்கிப்போய், தட்டினா ஓடாம இருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. ஆப்புக்கும் கம்பெனிக்கும் இருந்த உரிமம் முடிஞ்சா பாட்டும் போயிடும். நாம கட்டுறது வாடகைதான்.

அதனால அலமாரியில் கிடந்த லேப்டாப்பை எடுத்தேன். வயசு பன்னிரண்டு, ராம் 4 ஜிபி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11 இதில் ஏறாது. ஆனா சர்வர் வேலைக்கு இது தாராளம். சர்வர்னா பெருசா ஒண்ணுமில்லை, எப்பவும் ஆன்ல இருந்து, கேட்கிறவங்களுக்குக் கேட்டதை அனுப்புற கம்ப்யூட்டர். தரமான எம்பி3 ஒரு நொடிக்கு 320 கிலோபிட். வீட்டில் நாலு பேர் நாலு பாட்டு கேட்டாலும் 1.3 மெகாபிட்தான். பழைய வைஃபைகூட இதைத் தாங்கும்.

முதல்ல பார்க்க வேண்டியது பேட்டரி. என் லேப்டாப்பை மேஜையில் வெச்சா ஆடுச்சு. திருப்பிப் பார்த்தா பேட்டரி உப்பியிருந்தது. டச்பேட் மேலே தூக்கினாலும் அதே அறிகுறிதான். உப்பின பேட்டரியை சார்ஜ் போடாதீங்க, அமுக்காதீங்க, குத்தாதீங்க, தீப்பிடிக்கும். என்னோடது வெளியே கழட்டுற மாதிரி இருந்ததால கழட்டி, மின்னணுக் கழிவு வாங்குற இடத்தில் கொடுத்துட்டேன். இப்போ அடாப்டரில் மட்டும் ஓடுது. உள்ளே இருக்கிற பேட்டரின்னா சர்வீஸ் கடைக்குப் போங்க. பேட்டரி நல்லா இருந்தா அதிர்ஷ்டம்: கரண்ட் போனா அதுவே யூபிஎஸ்.

அடுத்து, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு 1 டிபி எஸ்எஸ்டி போட்டேன். அதில் டெபியன் லினக்ஸ். நிறுவும்போது டெஸ்க்டாப்பை டிக் பண்ணலை. திரையில் வெறும் எழுத்துதான் வரும், ராமும் மிச்சம். அதுக்கு மேல நேவிட்ரோம். இது இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். பாட்டு இருக்கிற ஃபோல்டரைக் காட்டினா போதும், அதுவே படிச்சு, ஆல்பமா அடுக்கி, பிரவுசரில் காட்டும். போனுக்குன்னா சப்சோனிக் முறையில் பேசுற எந்த ஆப்பும் சரி. ஆண்ட்ராய்டில் சிம்ஃபோனியம், ஐபோனில் ஆம்பர்ஃபை.

இங்கே எல்லாரும் தடுக்கி விழுற இடம் ரெண்டு. ஒண்ணு, மூடியை மூடினா லேப்டாப் தூங்கிடும். லாகின்டி அமைப்புக் கோப்பில் "ஹேண்டில் லிட் ஸ்விட்ச்"னு ஒரு வரி இருக்கும்; அதை "இக்னோர்"னு மாத்தணும். ரெண்டாவது, ஐபி முகவரி மாறிக்கிட்டே இருந்தா ஆப் சர்வரைத் தேடி அலையும். ரவுட்டரில் இந்த லேப்டாப்புக்கு ஒரே முகவரியை ஒதுக்கிடுங்க. முடிஞ்சா வைஃபை வேண்டாம், லேன் வயர் போடுங்க.

பாட்டுக்கு எங்கே போறது? பழைய லேப்டாப்பில் சிடி டிரைவ் இருக்கே! வீட்டில் இருக்கிற சிடிகளை ஃபிளாக்கா மாத்தினேன். தரம் துளிகூடக் குறையாது, அளவு மட்டும் ஏறக்குறைய பாதியாகும். 1 டிபியில் 2,000 சிடிக்கு மேல அடங்கும்.

அடுத்த தலைவலி டேக். மேற்கத்திய ஆல்பத்துக்குப் பெரும்பாலும் ஒரே பாடகர். நம்ம சினிமா ஆல்பம் அப்படியில்லை. 'ரோஜா' (1992) எடுத்துக்கோங்க: மின்மினி, எஸ்.பி.பி., உன்னி மேனன், ஹரிஹரன். ஆல்பம் ஆர்டிஸ்ட் இடம் காலியா இருந்தா ஒரே படம் நாலைஞ்சு ஆல்பமா சிதறிடும். அந்த இடத்தில் ஏ.ஆர். ரஹ்மான்னு போட்டா எல்லாம் ஒண்ணா சேரும். பாடகர் பெயர் ஆர்டிஸ்ட்டில், படத்தின் பெயர் ஆல்பத்தில். இதை மொத்தமா திருத்த மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டுன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு.

இப்போ கேசட். லேப்டாப்போட மைக் ஜாக் பெரும்பாலும் மோனோ, இரைச்சலும் ஜாஸ்தி. சின்ன யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி, பிளேயரோட ஹெட்டைப் பஞ்சும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வெச்சுத் துடைச்சு, ஆடாசிட்டியில் பதிவு பண்ணினேன். வேகமா முடிக்கிற வழி கிடையாது; அரை மணி நேர சைடுக்கு அரை மணி நேரம் உட்கார்ந்துதான் ஆகணும். நான் உட்கார்ந்தேன். பாட்டி ஒரு வரியை மறந்துட்டுச் சிரிக்கிறாங்க, பக்கத்தில் யாரோ எடுத்துக் கொடுக்கிறாங்க. அம்மா ஓடி வந்து, "ஐயோ, அது நான்தான்டா"ன்னாங்க.

அந்த நிமிஷம்தான் பயமும் வந்தது. இந்த ஃபைல் உலகத்திலேயே ஒண்ணுதான், அதுவும் ஒரு பன்னிரண்டு வயசு லேப்டாப்புக்குள்ள. அதனால பேக்கப்: மூணு பிரதி, ரெண்டு வகை சாதனம், ஒண்ணு வேற இடத்தில். எனக்கு சர்வரில் ஒண்ணு, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒண்ணு, அத்தை வீட்டில் ஒரு பென் டிரைவ்.

வெளியே இருந்து கேட்கணும்னா ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து விட்டுடாதீங்க, கண்டவனும் கதவைத் தட்டுவான். டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் போதும்.

கரண்ட் பில்? சும்மா இருக்கும்போது 15 வாட் இழுக்குதுன்னு வெச்சுக்கிட்டா, 24 மணி நேரமும் ஓடினா மாசத்துக்குப் பதினோரு யூனிட்டுக்கும் குறைவுதான்.

போன வாரம் அத்தை போன் பண்ணினாங்க, பென் டிரைவை டிவியில் போட்டுக் கேட்டாங்களாம். உங்க வீட்டு பி சைடில் என்ன இருக்கு? இந்த வாரம் அலமாரியைத் திறந்து பாருங்க. டேப்புக்கும் வயசாகுது. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.