மௌக்லிக்கு 'நோ என்ட்ரி'!

தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷன் முன்னால் தவம் கிடந்தவர்களுக்கு மௌக்லியை அறிமுகப்படுத்தவே வேண்டாம். ஓநாய்கள் வளர்த்த அந்தப் பொடியன் மத்தியப் பிரதேசத்து சியோனி காட்டுக்காரன். கிப்ளிங் 1894-ல் வெளியிட்ட 'ஜங்கிள் புக்'கின் ஹீரோ. நம்மாளு சார்!

இவனை வைத்து இங்கிலாந்தில் ஒரு கூத்து நடந்தது. பேடன் பவல் சாரணர் இயக்கத்தை ஆரம்பித்ததும், அண்ணன்மார் யூனிஃபார்மில் போவதைப் பார்த்த வாண்டுகள் 'நானும் வர்றேன்' என்று அடம் பிடித்தன. 1916-ல் அவர்களுக்காகவே 'ஓநாய்க்குட்டிகள்' படை! ஆறு பேருக்கு ஒரு தலைவன். பெயர் 'சிக்ஸர்' (கிரிக்கெட் இல்லை). நடத்துகிற பெரியவர் 'அகேலா', அதாவது கதையில் வரும் ஓநாய்த் தலைவன். எல்லோரும் வட்டமாகக் குந்தி ஊளையிட்டால் அகேலாவுக்கு வணக்கம் சொன்னதாக அர்த்தம். நம்ம வீட்டில் ஊளையிட்டால் முதுகில் விழும்!

சரி, மௌக்லியின் சொந்த ஊரில்? 1909-லேயே பெங்களூரில் சாரணர் படை வந்துவிட்டது. ஆனால் வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டும். மற்ற இந்தியப் பிள்ளைகளைச் சேர்த்தால் நாளைக்குப் புரட்சி பண்ணிவிடுவார்கள் என்று சர்க்காருக்கு உள்ளூர உதறல். மௌக்லியே நேரில் வந்திருந்தாலும் வாசலோடு அனுப்பியிருப்பார்கள்!

கதவைத் திறந்தது நம்ம மெட்ராஸ். அதே 1916-ல் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலைச் சேர்த்துக்கொண்டு இந்தியப் பையன்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார். தலைக்குத் தலைப்பாகை, பாட்டுக்கு நம்ம ஊர்ப் பாட்டு. 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அந்தச் சங்கமும் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. 1932-ல் அம்மையாருக்கு 'வெள்ளி ஓநாய்' விருது. சுதந்திரத்துக்குப் பின், 1950-ல் பாரத சாரண சாரணியர் இயக்கம். அதில் வாண்டுப் பையன்கள் 'குருளையர்', சிறுமிகள் 'புல்புல்'.

அம்மையார் வாழ்ந்த அடையாற்றிலிருந்து கடலோரமாகவே வடக்கே வந்தால், கலங்கரை விளக்கத்தை எட்டுவதற்கு முன்னால் நொச்சிக்குப்பம். லூப் ரோடு ஓரம் கிழிந்த வலையைச் சரிபண்ணுகிறவர்களின் விரல்களைக் கொஞ்சம் கவனியுங்கள். சாரணர்கள் 'ஷீட் பெண்ட்' என்று பெயர் வைத்துக் கற்றுக்கொள்கிற முடிச்சும், வலைக்கண்ணில் விழுகிற முடிச்சும் அமைப்பில் ஒன்றுதான்! குப்பத்துப் பிள்ளை இதையெல்லாம் நடக்கப் பழகும்போதே பார்த்துவிடுகிறது.

ஆனால் நம்மூரில் குருளையர் படை பெரும்பாலும் பள்ளிக்கூடம் வழியாகத்தான். பள்ளியில் படை இல்லையா, பிள்ளைக்கும் இல்லை. இருந்தாலும் யூனிஃபார்ம், ஸ்கார்ஃப், பெல்ட், ஷூ... வலையில் மீன் விழாத மாதத்தில் எந்த அம்மா இதற்குப் பணம் எடுத்து வைப்பாள்? 1909-ல் நிறம் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். இப்போது யாரும் சாத்தவில்லைதான். ஆனால் செலவு குறுக்கே நிற்கிறதே!

அதைவிடப் பஞ்சம், அகேலாவுக்கு. வாத்தியாருக்கு ஏற்கெனவே நோட்டுத் திருத்துகிற வேலை தலைக்கு மேல். வாத்தியார்தான் வரவேண்டும் என்பதில்லை. வேறு பெரியவர்களும் முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு படை நடத்தலாம். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டு வந்து குப்புறப் படுக்கிற இளவட்டங்களே, வாரத்தில் ஒரு சாயங்காலம் போதும். பத்து வாண்டுகளுக்கு நடுவே குந்த வெட்கப்படக் கூடாது, அவ்வளவுதான்!