உங்களுக்குத் தெரியுமா? டயரின் காற்றும் அகலமும் சாலைப் பிடிமானமும்

அரக்கோணத்தை அடுத்த இச்சிபுத்தூரில் உள்ள எம்.ஆர்.எஃப். ஆலையில் உருவாகும் டயராயினும் வேறெங்கு உருவாகும் டயராயினும், காரின் ஒரு சக்கரம் சாலையைத் தொடும் இடம், அதாவது தொடுபரப்பு, ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே ஆகும்.

சக்கரம் தாங்கும் எடையும் உள்ளிருக்கும் காற்றழுத்தமும் இப்பரப்பைப் பெரிதும் தீர்மானிப்பதால், அகலமான டயரைப் பொருத்தினாலும் அழுத்தம் மாறாதவரை பரப்பு அதிகம் கூடுவதில்லை. அது குறுக்கே அகன்று, நீளத்தில் குறுகுகிறது. இவ்வடிவம் உலர்ந்த சாலையின் வளைவுகளில் பிடிமானத்தைக் கூட்டினாலும், மழைநீரை விலக்க வேண்டிய அகலம் மிகுவதால், டயர் நீர்ப்படலத்தின்மீது மிதந்து பிடியிழக்கும் ‘நீர்வழுக்கல்’ விரைவில் நேர வழிவகுக்கிறது.

காற்று மிகுந்தால் டயரின் நடுப்பகுதியும், குறைந்தால் இரு ஓரங்களுமே எடையைப் பெரிதும் தாங்குகின்றன. விமான டயர்களை ஆராய்ந்து நாசா 1963இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, நீர்வழுக்கல் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் அமைவதால், 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் மணிக்குச் சுமார் 94 கி.மீ. ஆக இருக்கும் அவ்வேகம், 24 பி.எஸ்.ஐ.யில் 82 கி.மீ. ஆகக் குறைகிறது. தேய்ந்த டயருக்கு இந்த ஆபத்து மேலும் கூடுதல்.

எனவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, டயர் குளிர்ந்திருக்கும் வேளையில், வாகனத் தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள அளவுக்குக் காற்றைச் சரிபார்த்துக்கொள்வது நலம்.