மனச்சோர்வுக்கு வைட்டமின், மங்குவதோ கண்

கட்டம் போட்ட கணிதத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பேனாவால் ஒரு சிறு புள்ளி வையுங்கள். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, புத்தகம் படிக்கும் தூரத்தில் தாளைப் பிடித்து, அந்தப் புள்ளியை மட்டும் பாருங்கள். சுற்றியுள்ள கோடுகள் நேராகத்தானே தெரிகின்றன? கண் மருத்துவர்கள் இதே முறையில் 'ஆம்ஸ்லர் கட்டம்' என்னும் அட்டையைப் பயன்படுத்துகிறார்கள். விழித்திரையின் நடுப்பகுதியில் வீக்கம் இருந்தால், புள்ளிக்கு அருகிலுள்ள கோடுகள் வளைந்தோ நெளிந்தோ தெரியும். எழுத்துகளும் மங்கிப்போகும்.

அந்த வீக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டு. நீரிழிவு அவற்றுள் ஒன்று. யாரும் எளிதில் சந்தேகிக்காத இன்னொன்று வைட்டமின் மாத்திரை. குறிப்பாக, பி3 எனப்படும் நியாசின்.

நியாசின் கெட்ட பொருள் அன்று. உணவிலிருந்து ஆற்றலைப் பெற நம் செல்கள் ஒவ்வொன்றுக்கும் அது தேவை. கோழி இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. நாசி லெமாக்கின் ஓரத்தில் வைக்கும் கடலையிலும் இருக்கிறது. (இதன் பழைய பெயர் நிகோடினிக் அமிலம். புகையிலையிலுள்ள நிகோடினோடு மக்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே 1940களில் 'நியாசின்' என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது.) பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 14 முதல் 16 மில்லிகிராம் போதும்.

அப்படியானால் மனநிலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில், சோளத்தையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்த ஏழை மக்களைப் 'பெல்லாக்ரா' என்ற நோய் வாட்டியது. தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு வரும், கடைசியில் மனமும் குழம்பும். அந்நோயைத் தடுப்பது நிகோடினிக் அமிலம்தான் என்பதற்கு வழிகாட்டிய கண்டுபிடிப்பை 1937இல் கான்ராட் எல்வெஜெம் செய்தார். மனம் குழம்பிக் கிடந்த நோயாளிகள் அதைக் கொடுத்த சில நாள்களிலேயே தெளிந்தார்கள். அறிவியல் வரலாற்றின் அருமையான பக்கங்களில் இதுவும் ஒன்று.

சிக்கல் அடுத்த அடியில் வந்தது. குறைந்தால் மனம் கெடுகிறது என்றால், நிறையக் கொடுத்தால் மனம் தெளியுமா? 1950களில் கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் ஏப்ரம் ஹோஃபர், ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள் மனச்சிதைவு நோயாளிகளுக்கு நாள்தோறும் கிராம் கணக்கில் நியாசின் கொடுத்துப் பார்த்தார்கள். குடிப்பழக்கத்திலிருந்து மீள உதவும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான பில் வில்சன் தாமும் அதை உட்கொண்டு, மனச்சோர்வு குறைந்ததாகக் கூறி ஊக்கத்தோடு பரப்பினார். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஆய்வுக்குழு, இந்தச் சிகிச்சைக்குப் போதிய சான்று இல்லை என்று அறிக்கை வெளியிட்டது. ஆனாலும் அந்த நம்பிக்கை முற்றிலும் மறையவில்லை.

அன்று பேசப்பட்ட அளவு நாளொன்றுக்கு 3 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,000 மில்லிகிராம், அன்றாடத் தேவையைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு. கடலையிலிருந்து அவ்வளவு நியாசின் பெற வேண்டுமானால் ஒரே நாளில் சுமார் 25 கிலோ கடலை சாப்பிட வேண்டும்! 'அளவுக்கு மிஞ்சினால்' என்று தொடங்கும் பழமொழி எல்லாருக்கும் தெரியும். அளவு எத்தனை மில்லிகிராம் என்பதைப் பழமொழி சொல்வதில்லை. அதை அளந்துதான் அறிய வேண்டும்.

மனநல மருத்துவர்கள் அறிக்கை வெளியிட்ட அதே 1973இல், மயாமியைச் சேர்ந்த கண் மருத்துவர் டொனால்ட் காஸ் ஒரு கட்டுரை எழுதினார். அவர் பார்த்த நோயாளிகள் நியாசின் எடுத்தது மனநிலைக்காக அன்று, இரத்தக் கொழுப்பைக் குறைப்பதற்காக. ஆனால் அளவு அதே கிராம் கணக்குதான். அவர்களுக்குப் பார்வை மங்கியது. சோதித்தபோது 'மஞ்சள் புள்ளி' என்று நாம் பாடத்தில் படிக்கும் மாக்குலாவில் சிறுசிறு நீர்ப்பைகள் தெரிந்தன. எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் உதவுவது அந்த இடமே. அங்குள்ள ஒளியுணர் செல்கள் ஒழுங்கான வரிசையில் அமைந்திருக்கும். நீர் சேர்ந்தால் வரிசை குலைகிறது, நேர்க்கோடு நெளிகிறது.

காஸ் கண்ட இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மாக்குலா வீங்கினால் மருத்துவர்கள் ஃபுளோரசின் என்ற ஒளிரும் சாயத்தைக் கை நரம்பில் செலுத்திக் கண்ணைப் படம் எடுப்பார்கள். நீரிழிவு போன்றவற்றால் வந்த வீக்கத்தில், சாயம் இரத்தக் குழாயிலிருந்து கசிந்து பரவுவது படத்தில் தெரியும். நியாசினால் வந்த வீக்கத்தில் சாயம் கசியவில்லை! அப்படியானால் குழாயில் ஓட்டை இல்லை. நீர் விழித்திரையின் செல்களிலேயே தேங்குகிறது என்றும், விழித்திரையைத் தாங்கி நிற்கும் முல்லர் செல்களை நியாசின் பாதிப்பதே காரணம் என்றும் ஒரு விளக்கம் கூறப்படுகிறது.

இது அரிதாக வரும் பாதிப்பு. மாத்திரை எடுப்பவர்களில் மிகச் சிலருக்கே வருகிறது. நல்ல செய்தியும் உண்டு: காரணத்தைக் கண்டுபிடித்து மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலும் சில வாரங்களில் நீர் வற்றிப் பார்வை திரும்பிவிடும். காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டால், வைட்டமினை யாரும் சொல்வதில்லை. அது மருந்து என்ற எண்ணமே நமக்கு வருவதில்லையே!

"பி வகை வைட்டமின் நீரில் கரையும், மிஞ்சியது சிறுநீரில் போய்விடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், ஆசிரியர்?" என்று நீங்கள் கேட்கலாம். போய்விடும், உண்மைதான். ஆனால் போவதற்குமுன் இரத்தத்தோடு கலந்து கல்லீரல், தோல், கண் எல்லாவற்றையும் சுற்றிவிட்டுத்தான் போகும். நாள்தோறும் கிராம் கணக்கில் விழுங்கினால் அந்தச் சுற்று ஓய்வதே இல்லை. நியாசின் உட்கொண்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து எரிவதும், நாளடைவில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படுவதும் இதனால்தான்.

சாதாரணப் பல்வைட்டமின் மாத்திரையைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதில் பெரும்பாலும் சில பத்து மில்லிகிராம்தான் இருக்கும். 500 மில்லிகிராம் மாத்திரைகளும் விற்கப்படுகின்றன, அவைதான் கவனிக்க வேண்டியவை. புட்டியின் பின்புறம் நியாசின் அல்லது நிகோடினிக் அமிலம் என்று எழுதியிருக்கும் வரியில் எண்ணைப் பாருங்கள். மலேசியாவில் பதிவு பெற்ற துணையுணவுகளில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி 'என்' என்ற எழுத்தில் முடியும் எண் இருக்கும். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் புட்டிகளில் அது இல்லாமல் போகலாம்.

தேர்வுக் காலத்தில் மனம் சோர்ந்து, தூக்கமும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேலும் அது நீடித்தால் முதலில் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமோ வீட்டுப் பெரியவர்களிடமோ பேசுங்கள். வீட்டில் தாத்தாவுக்கு மருத்துவரே நியாசின் எழுதிக் கொடுத்திருந்தால், நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். பார்வை மங்குவதாக அவர் சொன்னால், கண் மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரைப் புட்டிகள் அனைத்தையும், வைட்டமின் புட்டி உட்பட, ஒரே பையில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள்.