வாசலில் ஓர் எண்ணெய்த் துறை: நம் பிள்ளைகள் எங்கே?

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு தகப்பனார் நம்மை நிறுத்தினார். "ஹஜ்ரத், பையன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிட்டான். சவூதியில ரிஃபைனரி ஷட்டவுன் வேலைக்கு ஹெல்பர் விசா வந்திருக்கு. அனுப்பலாமா?" என்று கேட்டார்.

"நிரவியில இருக்கிற ஓ.என்.ஜி.சி.க்கு அப்ரென்டிஸ் விண்ணப்பம் போட்டீங்களா?" என்று நாம் திருப்பிக் கேட்டோம்.

"அங்கெல்லாம் நம்ம பிள்ளைகள எடுப்பாங்களா ஹஜ்ரத்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கடல் கடந்து எண்ணெய் நிறுவனங்களில் வேலை தேடும் நாம், வீட்டு வாசலில் இருக்கும் எண்ணெய்த் துறையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நம் ஊரில் என்ன இருக்கிறது?

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடும் பணி 1960களிலேயே தொடங்கிவிட்டது. 1980களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்த பிறகு இந்தப் பகுதி நாட்டின் எண்ணெய் வரைபடத்தில் இடம்பிடித்தது. ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை உற்பத்திப் பிரிவின் அலுவலகம் நம் காரைக்காலை ஒட்டிய நிரவியில் இருக்கிறது. திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் கிணறுகளை இங்கிருந்துதான் நிர்வகிக்கிறார்கள்.

இங்கே கிடைக்கும் எரிவாயுவைக் கொண்டுதான் புதுச்சேரி மின்திறல் கழகத்தின் 32.5 மெகாவாட் மின் நிலையம் திருமலைராயன்பட்டினம் பகுதியில் ஓடுகிறது. எல்லையைத் தாண்டினால் பனங்குடியில் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை வளாகம். அங்கே ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனில் புதிய ஆலை அமைக்க 2021 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். வாஞ்சூரில் துறைமுகம் இருக்கிறது.

சுமார் 2 லட்சம் பேர் வாழும் ஒரு சிறிய பகுதிக்கு இது குறைவான தொழில் அல்ல.

சவூதி செய்தது என்ன?

நம் வீடுகளில் அராம்கோ என்ற பெயரைக் கேட்காதவர் இல்லை. 1938இல் தம்மாமில் எண்ணெய் பீறிட்டபோது துளையிடும் கருவி, பொறியாளர், பணம் எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அந்த நாட்டு மக்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கூலி வேலை.

அதை மாற்றியவை இரண்டு. ஒன்று, படிப்பு. 1963இல் தஹ்ரானில் பெட்ரோலியக் கல்லூரி தொடங்கினார்கள். அதுவே இன்று மன்னர் ஃபஹத் பல்கலைக்கழகம். இரண்டாவது, உள்ளூர் ஒப்பந்ததாரர்கள். அராம்கோவில் சாதாரண ஊழியராக இருந்த சுலைமான் உலய்யான், 1947இல் வேலையை விட்டுவிட்டு, அப்போது போடப்பட்டுக்கொண்டிருந்த அரேபியக் குழாய்ப்பாதைக்கு ஒப்பந்த வேலை எடுத்தார். அதிலிருந்து வளர்ந்தது உலகறிந்த ஒரு வணிகக் குழுமம். பிறகு 2015இல் அராம்கோ 'இக்திவா' என்ற திட்டம் கொண்டு வந்தது. தான் கொள்முதலுக்குச் செலவிடும் பணத்தில் 70 சதவீதம் உள்நாட்டிலேயே தங்க வேண்டும் என்பது அதன் இலக்கு.

2011இல் வந்த 'நிதாகத்' சட்டத்தால் நம் ஊரில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அப்போது வருந்தினோம். ஆனால் தன் மண்ணின் பிள்ளைகளுக்கு முதலில் வேலை, தன் ஊர் வியாபாரிக்கு முதலில் ஆர்டர் என்று அவர்கள் கேட்டது நியாயம்தான். அதே நியாயத்தை நம் நாட்டுச் சட்டமும் ஓரளவு தருகிறது. நாம்தான் கேட்கவில்லை.

வேலைக்கான வாசல்

1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தம் ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரென்டிஸ்களை எடுக்க வேண்டும். ஓ.என்.ஜி.சி. வெளியிடும் அறிவிப்பில் காரைக்கால் தனிப் பணியிடமாகவே வருகிறது. ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் முதல் டிப்ளமோ, பட்டதாரிகள் வரை இடம் உண்டு. எழுத்துத் தேர்வு இல்லை. மதிப்பெண்தான் அளவுகோல். வயது பொதுவாக 18 முதல் 24 வரை. ஆகவே பையன் படிப்பை முடித்து நான்கு வருடம் வீட்டில் இருந்த பிறகு யோசித்தால் வாசல் மூடிவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அப்ரென்டிஸ் முடித்தால் நிரந்தர வேலை என்ற உறுதி இல்லை. ஆனால் எண்ணெய்த் துறையில் ஒரு வருட அனுபவச் சான்றோடு வளைகுடாவுக்குப் போகிறவனுக்கும் ஹெல்பர் விசாவில் போகிறவனுக்கும் சம்பளத்திலும் மரியாதையிலும் உள்ள வித்தியாசத்தை, அங்கே இருந்து வந்தவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

சட்டப்படி எண்ணெய்க் கிணறும் ஒரு சுரங்கம்தான். கிணற்றடியில் வேலை செய்பவருக்குச் சுரங்கத் தொழில் பயிற்சிச் சான்றும் மருத்துவப் பரிசோதனையும் தேவை. வெல்டருக்குத் தகுதித் தேர்வு, குழாய் இணைப்பைச் சோதிப்பவருக்குத் தனிச் சான்று என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காகிதம் இருக்கிறது. 'கை வேலை தெரியும்' என்று சொன்னால் மட்டும் கேட்டைத் தாண்ட முடியாது.

இந்தப் பயிற்சிகளுக்காக எண்ணெய் நிறுவனங்கள் அகமதாபாத், புவனேஸ்வர், விசாகப்பட்டினம், கொச்சி, கௌஹாத்தி, ரேபரேலி ஆகிய ஊர்களில் திறன் மேம்பாட்டு நிலையங்களை அமைத்திருக்கின்றன. காவிரிப் படுகைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அரசு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், என்.ஐ.டி. எல்லாமே காரைக்காலில் இருக்கும்போது இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வியாபாரிகள் கவனிக்க

பொதுத்துறை நிறுவனங்கள் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதில் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு. 'உதயம்' பதிவு இருந்தால் டெண்டர் படிவக் கட்டணமும் முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டியதில்லை. பதிவும் இலவசம். இதற்குப் பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம்.

நம் சமுதாயம் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. நாம் வழிவழியாக வாங்கி விற்கும் வியாபாரிகள். ஆனால் வெறும் வியாபாரியாகப் பதிவு செய்தவருக்கு இந்தக் கொள்முதல் சலுகை கிடையாது. பொருளைத் தயாரிப்பவருக்கும் சேவை செய்பவருக்கும்தான் உண்டு. இரும்புக் கடை வைத்திருப்பவர் பக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை போட்டால் கணக்கு மாறுகிறது. மோட்டார் ரீவைண்டிங், தீயணைப்பான் நிரப்புதல், சாரம் கட்டுதல், ஜெனரேட்டர் பராமரிப்பு, பணிச் சீருடை தைத்தல் எல்லாம் இந்தத் துறைக்கு அன்றாடம் தேவைப்படுபவை. உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் கார் வாடகைக்கும் ஆள் அனுப்புவதற்கும் மேல் ஏறுவதில்லை. அந்த முதல் படியிலேயே நின்றுவிடக் கூடாது.

முதலுக்கு எங்கே போவது? வட்டிக் கடனுக்குப் போக வேண்டியதில்லை. வளைகுடாவில் இருபது வருடம் உழைத்த சேமிப்பு, குடியிருக்க ஆளில்லாத மாடி வீடாக நிற்பதை நம் தெருக்களில் பார்க்கிறோம். அந்தச் சேமிப்பும் தொழில் தெரிந்த இளைஞனின் உழைப்பும் முழாரபா, முஷாரகா முறையில் எழுத்து ஒப்பந்தத்தோடு சேரட்டும். லாபம் எப்படிப் பிரியும், நஷ்டம் யார் மேல் என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும். செய்த வேலைக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்பதும் சட்டம். அதற்கு மேல் இழுத்தடித்தால் சிறு நிறுவனங்களுக்கான தீர்வு மன்றத்தில் முறையிட்டு நம் அசலைக் கேட்கலாம்.

வயலும் கடலும்

"எண்ணெய்க் கிணறு விவசாயத்தைக் கெடுக்கிறதே, அதற்கு நாம் துணை போவதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2017இல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியதை நாம் மறக்கவில்லை. 2020இல் தமிழக அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துப் புதிய கிணறுகளுக்குத் தடை போட்டது. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் அந்தச் சட்டம் இங்கே செல்லாது. விழிப்பாக இருக்க வேண்டிய பொறுப்பு நமக்கு அதனாலேயே கூடுகிறது.

நாம் புதிய கிணறுகளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஏற்கெனவே ஓடுகிற தொழிலில் உள்ளூர்ப் பிள்ளைக்குப் பங்கு கேட்கிறோம். குழாயின் எந்த இணைப்பு பழுதாகியிருக்கிறது என்பது, அந்த வயலுக்குப் பக்கத்திலேயே வீடு உள்ள டெக்னீஷியனுக்கு உறுத்தும். தூரத்திலிருந்து வந்து இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போகிறவருக்கு அந்த அளவுக்கு உறுத்தாது.

கிணறுகள் ஒரு நாள் வற்றும். அதனால் எண்ணெய்க்கு மட்டும் உதவும் தொழிலைக் கற்காமல், வெல்டிங், மின்சாரம், கருவிப் பராமரிப்பு, பாதுகாப்பு மேற்பார்வை போல எங்கும் செல்லுபடியாகும் தொழிலைக் கற்பதே புத்திசாலித்தனம்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை

ஒவ்வொரு மஹல்லாவிலும் 16 முதல் 24 வயதுப் பிள்ளைகளின் படிப்பு விவரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்ரென்டிஸ் அறிவிப்பு வந்த வாரமே ஜும்ஆவுக்குப் பின் அறிவித்து, விண்ணப்பிக்கக் கணினி தெரிந்த இருவரை உட்கார வையுங்கள். வளைகுடாவிலிருந்து திரும்பிய வெல்டர்களையும் ஃபோர்மேன்களையும் வாரம் ஒரு நாள் பிள்ளைகளோடு பேச வையுங்கள். இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. பக்கத்துத் தெரு இந்து, கிறிஸ்தவப் பிள்ளைகள் வந்தாலும் அவர்களுக்கும் சேர்த்தே செய்யுங்கள். ஊர் எல்லோருக்கும் பொது.

அந்தத் தகப்பனாரிடம் நாம் சொன்னது இதுதான்: "அத்தா, சவூதி எங்கேயும் போய்விடாது. பையனுக்கு இருபது வயசுதான். முதல்ல நிரவிக்கு விண்ணப்பம் போடுங்க. கிடைச்சா ஒரு வருஷம் கத்துக்கட்டும். அதுக்கப்புறம் போறதா இருந்தா தொழில்காரனா போகட்டும்."

மறுநாள் மஃக்ரிபுக்குப் பின் பையன் மதிப்பெண் சான்றிதழோடு வந்து நின்றான். அல்லாஹ் அவன் முயற்சியில் பரக்கத் செய்வானாக.