டர்பைன் பிளேடு ஏன் உருகல?

ஜெட் இன்ஜினோட டர்பைன் பிளேடு நிக்கல் கலவை உலோகம். சுமார் 1,350 டிகிரி செல்சியஸ்ல உருகிடும். அதைச் சுத்தி ஓடுற வாயுவோ 1,500-ஐத் தாண்டும். எப்படித் தாங்குது? பிளேடுக்குள்ள குளிர்காற்று ஓடுது. மேல சிர்கோனியா பீங்கான் பூச்சு, கால் மில்லிமீட்டர் அளவுதான்.

ஆனா என்னைக் கேட்டா, உண்மையான ஹீரோ நடுவுல இருக்கற ஒட்டுப் பூச்சு. சூட்டுல உலோகம் அதிகமா விரியும், பீங்கான் கம்மியா விரியும். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கணுமே! ஒட்டுப் பூச்சுல இருக்கற அலுமினியம் ஆக்ஸிஜனோட சேர்ந்து, மேல மெல்லிய அலுமினா படலமா உருவாகும். பீங்கானைப் பிடிச்சுக்கறதும் அதுதான், உலோகத்தை ஆக்ஸிஜன்கிட்ட இருந்து காப்பாத்தறதும் அதுதான்.

சிக்கல் என்னன்னா, படலம் வளர்றது நிக்காது. நம்ம பாஷையில மெமரி லீக் மாதிரி. சில மைக்ரான் தடிச்சதும் பீங்கான் செதில் செதிலா உதிர ஆரம்பிக்கும்.

பீங்கானை ஒரே பாளமா பூசாம, எலக்ட்ரான் கற்றையால ஆவியாக்கி, தூண் தூணா வளர விடறதும் உண்டு. இடைவெளி இருந்தா விரிசல் விடாம நெளிஞ்சு கொடுக்கும். பாலைவனத்து மேல பறக்கற இன்ஜின்ல தூசி உருகி, அந்த இடைவெளியை அடைச்சிடும். ஆறினதும் கண்ணாடி மாதிரி இறுகி, பீங்கானும் பேத்துக்கிட்டு வரும்.